மூத்ததும் இளையதும் குடித்த டீசல்

டீசல் காரைக் காட்டி, “இது எவ்வளவு எண்ணெய் குடிக்கும்?” என்று யாராவது கேட்டால் உடனே வாயைத் திறக்காதீர்கள். சாவியைத் தேடுவது போல் கைப்பையைத் துழாவுங்கள். வெயில் கொளுத்துகிறது, உள்ளே வந்து உட்காருங்கள் என்று சொல்லுங்கள். அவர் உண்மையில் எதைக் கேட்கிறார் என்று தெரிகிற வரைக்கும் எப்படியாவது நேரத்தை ஓட்டுங்கள். சிரம்பானை ஒட்டிய ராசாவில் பழைய கார் விற்கும் கடையில் தலை நரைக்கிற வரை வேலை பார்த்து நான் கற்றுக்கொண்டது பெரும்பாலும் இதுதான். மற்றதெல்லாம் பாலிஷ் போடுகிற வேலை, அதை நீங்களே என்னைவிட நன்றாகச் செய்கிறீர்கள்.

இப்போது கார் விற்கும் நீங்கள் எல்லாரும் கெட்டிக்காரப் பிள்ளைகள். கைப்பேசியைத் தட்டினால் எந்த வருடத்து மாடல் லிட்டருக்கு எவ்வளவு தூரம் ஓடும் என்று வந்து விழுகிறது. நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் அதைக் காரின் சொந்தக்காரரிடம்தான் கேட்க வேண்டும். “எண்ணெய் வாசம் காட்டினா போதும்கா, தம்பின் டவுன் வரைக்கும் ஓடும்” என்பார். அரைமணி நேரம் கழித்து அதே மனிதர் நம்மிடம் இருக்கும் இன்னொரு காரைச் சுற்றி வந்து, “இது யானை மாதிரி குடிக்குமே” என்று விலையைக் குறைக்கப் பார்ப்பார். இரண்டையும் முகம் மாறாமல் கேட்டுக்கொள்ள வேண்டும். எனக்கு அது கடைசி வரை வரவில்லை. சிரித்துவிடுவேன்.

ஒருமுறை ஓர் ஆசிரியர் தம் காரை விற்க வந்தார். லிட்டருக்குச் சராசரி எவ்வளவு தூரம் ஓடுகிறது என்று டாஷ்போர்டில் மீட்டர் காட்டும் கார். “செலின், நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன், நீங்களே வந்து பாருங்க” என்று கையைப் பிடிக்காத குறையாக அழைத்துப் போனார். மீட்டர் காட்டிய எண்ணைப் பார்த்து, கடை முதலாளியான எங்கள் தவுக்கே கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடியும் போட்டுக்கொண்டார். நான் கேட்டேன், “சார், எந்தப் பக்கமா வந்தீங்க?” மந்தின் மலைப் பக்கமாம். “மீட்டர எங்க சுழியமாக்குனீங்க?” மலை உச்சியில் வண்டியை நிறுத்தி ஆக்கினாராம். அங்கிருந்து சிரம்பான் வரை இறக்கத்தில் உருண்டு வந்த கார் வேறு எப்படிக் காட்டும்? “திரும்பவும் மேல ஏறிட்டு வாங்க சார், டீ சொல்லி வைக்கிறேன்” என்றேன். நல்ல மனிதர், கோபித்துக்கொள்ளவில்லை. டீ குடிக்க மட்டும் வரவில்லை. மீட்டர் பொய் சொன்னதாக நான் அவரிடம் சொல்லவே இல்லை என்பதைக் கவனியுங்கள். எங்கிருந்து எதுவரை என்று மட்டும்தான் கேட்டேன்.

இனி நான் சொல்ல வந்த கதை. நான் ஓய்வு பெறுவதற்குச் சற்று முன்னால் நடந்தது. டீசலுக்கான மானியம் போய், வாரத்துக்கு வாரம் விலை மாறத் தொடங்கியிருந்த சமயம். டீசல் கார் வாங்க வருகிறவர்கள் முகத்தில் ஒரு கலவரம் இருக்கும்.

எங்களிடம் அப்போது இரண்டு கார்கள் நின்றன. ஒரே பெயர், ஒரே உருவம், ஒரே டீசல் இன்ஜின். சாம்பல் நிறம் சில வருடம் பழையது, வெள்ளை கொஞ்சம் புதியது. கடையில் மூத்தது, இளையது என்று பேர் வைத்துவிட்டோம். இளையதற்கு முன்விளக்கு மாறியிருந்தது, பம்பர் மாறியிருந்தது, உள்ளே ஒரு திரை வந்திருந்தது. இன்ஜினில் யாரும் கை வைக்கவே இல்லை. ஆனாலும் விளம்பரத்தில் ‘முன்னைவிடச் சிக்கனம்’ என்று போட்டிருந்தார்கள். புது மாடல் விற்கிற யாரும் ‘முன்னை மாதிரியேதான்’ என்று போட மாட்டார்கள்.

மூத்ததைப் பார்க்க ரீத்தாவும் அவள் கணவர் சேவியரும் வந்தார்கள். பெடாஸ் ஊருக்கு உள்ளே தள்ளியிருக்கும் ஒரு செம்பனைத் தோட்டத்தில் சேவியர் மண்டோர், ஆட்களை வேலை வாங்கும் கங்காணி. ரீத்தாவுக்குச் சிரம்பானில் ஒரு பல் மருத்துவமனையில் உதவியாளர் வேலை கிடைத்திருந்தது. விடியற்காலைப் பெரட்டில் ஆட்களைக் கணக்கெடுத்து, வேலைக்குப் பிரித்து அனுப்பிய பிறகுதான் சேவியர் அவளை மோட்டார் சைக்கிளில் பெரிய சாலை வரை கொண்டுவிட முடியும். அதற்குள் பஸ் போயிருக்கும். மழை வந்தால் அடுத்த பஸ்ஸும் போயிருக்கும். நேரத்துக்கு வராவிட்டால் வேலையை நிரந்தரமாக்க மாட்டோம் என்று மருத்துவமனையில் சொல்லிவிட்டார்கள்.

“வேல புடிச்சிருக்காம்மா?” என்று கேட்டேன்.

“ரொம்பப் புடிச்சிருக்குக்கா. பல்லு புடுங்க வர்றவங்க பயந்தா நான்தான் கையப் புடிச்சுக்குவேன். டாக்டருக்கு அது வரவே வராது” என்று சிரித்தாள்.

வங்கி கொடுக்கச் சம்மதித்த கடனுக்கு மூத்ததுதான் கைக்கு எட்டும். ஆனால் முடிவு அவர்கள் இருவர் கையில் இல்லை. சேவியரின் அண்ணன் பெனடிக் ஒருவர் இருந்தார். செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டுபவர். டீசலைப் பற்றி அந்தக் குடும்பத்தில் அவர் சொன்னால் சொன்னதுதான். அவர் வந்து மூத்ததைச் சுற்றிப் பார்த்தார். டயரை உதைத்தார். ஏன் உதைக்கிறார்கள் என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

“பழைய டீசல் காடி கண்டபடி குடிக்கும்கா. புதுசு நம்ம கைக்கு எட்டாது. இதுக்கு ஊத்துற எண்ணெய்க்கே ரீத்தா சம்பளம் போயிரும். தோட்டத்து பாலர் பள்ளியில ஆயா வேல காலியா இருக்கு. வூட்டுக்கும் பக்கம்” என்றார்.

கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அதையும் சொல்லிவிட வேண்டும். தம்பி கடனில் மாட்டக்கூடாது என்று பயந்தார். கடைசியில் அவரே ஒரு வழி சொன்னார். இரண்டு காரையும் ஒரே சாலையில் ஓட்டிப் பார்ப்பது. மூத்தது இளையதைவிட அதிகம் குடித்தால் காரும் வேண்டாம், சிரம்பான் வேலையும் வேண்டாம். சமமாகக் குடித்தால் வாங்கிக்கொள்வது. எல்லாரும் தலையாட்டினார்கள். ரீத்தாவும் தரையைப் பார்த்துத் தலையாட்டினாள்.

எங்கள் தவுக்கே தோட்டத்தில் வளர்ந்த சீனர், தமிழ் நன்றாகப் புரியும், என்னை எழுத்து வேலையிலிருந்து விற்பனைக்கு இழுத்து விட்டவரும் அவர்தான். இரண்டு காரையும் கொடுக்கச் சம்மதித்தார். டீசல் அவர்கள் செலவு, கார் வாங்கினால் டாங்கில் இருப்பது அவர்களுக்கே என்று பேச்சு. ஒரு புதன்கிழமை காலை எண்ணெய் நிலையத்தில் இரண்டு டாங்கையும் நிரப்பிக்கொண்டு புறப்பட்டார்கள். மூத்ததைச் சேவியர் ஓட்டினார், இளையதைப் பெனடிக். ரீத்தா வேலைக்குப் போயிருந்தாள். பெடாஸ் போய், தோட்டத்துக்குள் நுழைந்து, திரும்பி வந்து, அதே நிலையத்தில் மறுபடியும் டாங்கை நிரப்ப வேண்டும். எவ்வளவு உள்ளே போகிறதோ அவ்வளவு குடித்திருக்கிறது என்று அர்த்தம். கேட்க எவ்வளவு சுத்தமாக இருக்கிறது பாருங்கள்.

சாயங்காலம் திரும்பினார்கள். ரீத்தாவும் வேலை முடிந்து நேராகக் கடைக்கு வந்திருந்தாள். பெனடிக் இறங்கி வந்த தோரணையிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. மூத்தது இளையதைவிட அரைப் பங்கு அதிகம் குடித்திருந்தது.

“நான்தான் சொன்னேனே” என்றார் பெனடிக். ரீத்தா என்னைப் பார்த்து, “பரவால்லக்கா. ஆயா வேலையும் நல்ல வேலதான்” என்றாள். என்னை அவள் சமாதானப்படுத்தினாள்! எனக்கு ஆத்திரமாக வந்தது. யார் மேல் என்று சொல்லத் தெரியவில்லை. கார் மேல்தான் என்று நினைக்கிறேன்.

கஷ்டம் தனியாக வராதே. லோபாக்கில் உணவுக்கடை வைத்திருக்கும் பாய் ஒருவர் அன்று மத்தியானத்திலிருந்தே மூத்ததின் மேல் கண் வைத்து, முன்பணத்தோடு கடையில் உட்கார்ந்திருந்தார். தவுக்கே என்னை அறைக்குள் கூப்பிட்டார்.

“செலின், அந்தப் பொண்ணுக்கு வேணாம்னா பாய்க்குக் குடுத்துரு லா. அவரு எத்தன நேரம் துங்கு பண்ணுவாரு?”

துங்கு என்றால் காத்திருப்பது. நியாயமான பேச்சுதான். விற்கிறவளுக்கு யார் வாங்கினால் என்ன? ஆனால் இந்த இடத்தில்தான் பிள்ளைகளே, ஒரு நிமிடம் நிற்க வேண்டும். கதவுக்கு வெளியே பணத்தோடு ஒருவர் காத்திருக்கும்போது மூளை வேலை செய்யாது. அவர் போய்விடுவாரோ என்று மட்டும்தான் யோசிக்கும். நான் நாற்காலியில் உட்கார்ந்து கதவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டேன். ஒரே இன்ஜின். ஒரே சாலை. ஒரே நாள். அப்படியிருக்க அரைப் பங்கு வித்தியாசம் எப்படி வரும்? ஒன்று, மூத்தது எங்கோ நோயாக இருக்கிறது. இல்லையென்றால் ஓட்டிப் பார்த்ததில் ஏதோ தப்பு.

“தவுக்கே, காடிக்கு நோய்னா அத பாய்க்கும் விக்க முடியாது. நோய் இல்லன்னா இந்தப் பொண்ண அனுப்ப முடியாது. எப்படிப் பார்த்தாலும் இன்னிக்கு அந்தக் காடிய விக்க முடியாது” என்றேன்.

தவுக்கே கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். “நீ வேலைய விட்டுப் போற வரைக்கும் என்னைய நிம்மதியா வுட மாட்ட” என்றார். அது சம்மதம்.

வெளியே வந்தேன். சரியாகத்தான் செய்தீர்களா என்று நான் கேட்கவில்லை. நீங்களும் கேட்காதீர்கள். அப்படிக் கேட்டால் எல்லாரும் சரியாகத்தான் செய்திருப்பார்கள். “சேவியர், காலையில கெளம்புனதுலேருந்து நடந்தத அப்படியே சொல்லுங்க, எனக்குக் கேக்க ஆசையா இருக்கு” என்றேன். பெனடிக் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். சேவியர் சொன்னார். காலையில் குழாய் ‘டக்’ என்று தானாக நின்றதும் இரண்டு காருக்கும் நிறுத்திவிட்டார்கள். பெடாஸ் வரை வழியில் எங்கும் நிற்கவில்லை. தோட்டத்துச் சாலையில் குழிகளைப் பார்த்து மெதுவாகப் போனார்கள், மத்தியானம் வீட்டில் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினார்கள். திரும்பி வந்து முதலில் இளையதற்கு ஊற்றினார்கள், குழாய் நின்றது, மூடிவிட்டார்கள்.

“அப்புறம் மூத்ததுக்கு?”

சேவியரின் முகம் அப்போதுதான் மலர்ந்தது. “இதுக்கு நல்லா ஊத்துனோம்கா. இன்னிக்குப் புதன்கிழம இல்ல? ராத்திரி வெல ஏறுதுன்னு ஒரே கியூ. எல்லாரும் காடிய ஆட்டி ஆட்டி ஊத்துறாங்க. நானும் அண்ணனும் ஆளுக்கு ஒரு பக்கம் புடிச்சு ஆட்டுனோம். நுரை அடங்க அடங்க ஊத்துனோம். கழுத்து வரைக்கும் ரொப்பியாச்சு!”

பழக்கம் இல்லாதவர்களுக்காகச் சொல்கிறேன். டீசல் ஊற்றும்போது நுரைக்கும். டாங்க் நிறையும் முன்பே நுரை மேலே வந்து குழாயை நிறுத்திவிடும். காரைப் பிடித்து ஆட்டி, நுரை அடங்கும் வரை பொறுத்து ஊற்றினால் இன்னும் எவ்வளவோ உள்ளே போகும். விலை ஏறப்போகிற ராத்திரிக்கு முந்திய சாயங்காலம் நம் ஊர் நிலையங்களில் போய்ப் பாருங்கள். குடும்பமே இறங்கி நின்று காரைத் தொட்டில் மாதிரி ஆட்டிக்கொண்டிருக்கும்.

“ஏன் மூத்தத மட்டும் ஆட்டுனீங்க?” என்று கேட்டேன்.

“வெள்ள காடி கடையோடது. இது எங்க காடியாச்சேக்கா” என்றார் சேவியர்.

வாங்குவதற்கு முன்பே அந்த மனிதர் அதைச் சொந்தமாக்கிக்கொண்டார். பெண்டாட்டி வேலைக்குப் போக நாலு சொட்டு கூட இருக்கட்டும் என்று ஆட்டி ஆட்டி நிரப்பி, அவள் வேலைக்கே உலை வைத்துவிட்டார். வேண்டாம் வேண்டாம் என்ற பெனடிக்கும் மறுபக்கம் நின்று ஆட்டியிருக்கிறார். விலை ஏறும்போது ஆட்டாமல் நிற்க அவர் கைக்கும் தெரியவில்லை.

பாய்தான் முதலில் சிரித்தார். “நானும் ஆட்டுவேம்மா. போன வாரம் ஆட்டுன ஆட்டுல எங்கூட்டு அம்மா உள்ள உக்காந்திருக்கறதயே மறந்துட்டேன்” என்றார். ரீத்தா சிரித்தாள். பெனடிக் சிரிக்கவில்லை. “அதுல அப்படி என்ன பெருசாப் போயிரும்?” என்றார்.

இந்தக் கேள்விக்கு மட்டும் காரணத்தோடு பதில் சொன்னேன். பெடாஸ் போய் வர அந்தக் கார் குடிப்பதே கொஞ்சம். அந்தக் கொஞ்சத்தின் மேல் ஆட்டி ஊற்றியதைச் சேர்த்தால் கார் குடிகாரனாகத்தான் தெரியும். நெடுந்தூரம் ஓட்டியிருந்தால் இது பெரிதாகத் தெரிந்திருக்காது. ஒரு வருடத்து மாடலையும் இன்னொரு வருடத்து மாடலையும் ஒப்பிட்டுப் பார்க்க ஆசைப்பட்டால், முதலில் நிரப்பிய விதமும் கடைசியில் நிரப்பிய விதமும் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். தூரத்தையும் கூட்டுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து மறுபடியும் ஓட்டுவது என்று முடிவாயிற்று. “அது வரைக்கும் எம்பேரு ரெண்டாவதா இருக்கட்டும்” என்று பாய் பெருந்தன்மையாக எழுந்து போனார். நடுவில் இரண்டு காரையும் கடை வேலைக்கு ஓட்டி டாங்கில் இருந்த டீசலைக் குறைத்தோம். இல்லையென்றால், கழுத்து வரை நிரம்பிய மூத்தது இந்த முறை டீசலே குடிக்காமல் ஓடிய அதிசயம் நடந்திருக்கும். பிறகு நானே உடன் போய், குழாய் முதல் முறை நின்றதும் கையை எடுக்க வைத்தேன். யாரும் காரைத் தொடக்கூடாது என்று சத்தம் போட்டதில் பக்கத்தில் நின்ற ஒருவர் தன் காரிலிருந்தும் கையை எடுத்துக்கொண்டார்.

இந்த முறை தம்பின் வரை. மூத்ததின் சாவியை ரீத்தாவிடம் கொடுத்தேன்.

“அவ ஓட்டுனா கணக்கு எப்படிக்கா சரியா வரும்?” என்றார் பெனடிக்.

“தெனமும் யாருங்க ஓட்டப் போறது?” என்றேன்.

ஆனாலும் நியாயம் நியாயம்தானே. தம்பினில் கார்களை மாற்றிக்கொள்ளச் சொன்னேன். போகும்போது ரீத்தா மூத்தது, வரும்போது இளையது. பெனடிக்கும் அப்படியே. ஒருவர் கால் கனம் ஒரு காரின் தலையில் விழக்கூடாது.

நான் ரீத்தாவோடு உட்கார்ந்து போனேன், சேவியர் அண்ணனோடு. நன்றாக ஓட்டினாள். குலை ஏற்றிய லோரிக்குப் பின்னால் அவசரப்படாமல் இடைவெளி விட்டுப் போனாள். பெடாஸ் தாண்டியதும், “அக்கா, நீங்க மொத மொத வேலைக்குப் போனப்போ யாருகிட்ட கேட்டீங்க?” என்றாள்.

“யாருகிட்டயும் கேக்கல. கேக்கணும்னு எனக்குத் தெரியவே தெரியாது.”

அவள் சிரித்தாள். அப்புறம் தம்பின் வரும் வரை ஒன்றும் பேசவில்லை. நானும் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்தேன். அது எனக்கு எவ்வளவு கஷ்டம் என்று உங்களுக்குத் தெரியும்.

திரும்பி வந்து, அதே குழாயில், அதே மாதிரி நிரப்பினோம். இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றாகத்தான் குடித்திருந்தன. இருந்த சின்ன வித்தியாசமும் மூத்ததின் பக்கம்தான் சாதகமாக இருந்தது, ஆனால் அதை நான் பெரிதுபடுத்தவில்லை. பெனடிக் இரண்டு எண்ணையும் திரும்பத் திரும்பப் பார்த்தார். மனிதர் நேர்மையானவர், மறுக்கவில்லை. கடைக்கு வந்ததும் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்து, “சரி. பேசுனபடிதான். எனக்குச் சம்மதம். ரீத்தா வேலைக்குப் போகட்டும்” என்றார்.

தவுக்கே முகத்தில் சிரிப்பு. நான் மேசையில் பேனாவைத் தேடினேன். எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். அப்போது ரீத்தா பெனடிக்கைப் பார்த்துப் பேசினாள். குரல் உயரவில்லை.

“மாமா, காடிய பத்தி ஒங்களுக்குத் தெரியும்னுதான் ஒங்கள வரச் சொன்னோம். நீங்க வந்ததுக்கு ரொம்ப நன்றி. ஆனா இன்னிக்குக் காடி தோத்திருந்தாலும் நான் வேலைக்குப் போயிருப்பேன்.”

பெனடிக் தம்பியைப் பார்த்தார்.

“எப்படிப் போயிருப்ப?” என்றார் சேவியர்.

“சிரம்பான்ல ரூம் எடுத்துத் தங்கியிருப்பேன். சனிக்கிழம வூட்டுக்கு வந்திருப்பேன். புதன்கிழமயே முடிவு பண்ணிட்டேன்.”

“எங்கிட்ட சொல்லவே இல்லையே ரீத்தா.”

“நீங்க கேக்கலயே. காடிய மட்டும் ரெண்டு தடவ கேட்டீங்க.”

யாராவது ஏதாவது சொல்லிச் சமாளிக்க வேண்டிய இடம் அது. என் நாக்கு நுனி வரை வந்தது. இவ்வளவு வருடம் விற்பனையில் இருந்தவளுக்கு இறுகிப்போன ஓர் அறையைக் கலகலப்பாக்கத் தெரியாதா? ஆனால் அவள் அதைச் சொன்னது என்னிடம் இல்லை. தவுக்கேயும் வாயைத் திறக்கவில்லை. அவரை நான் மிகவும் மதித்த நாட்களில் அது ஒன்று.

சேவியர் எழுந்தார். வெளியே போகப் போகிறார் என்று நினைத்தேன். அவர் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து ரீத்தாவின் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார்.

“சரி, இப்பக் கேக்குறேன். காலையில எத்தன மணிக்கு வூட்ட விட்டுக் கெளம்பணும்?”

“ஆறரைக்கு.”

“அப்பன்னா பெரட்டுக்குப் போறதுக்கு முன்னாடி கோப்பி நான் போட்டு வச்சிர்றேன்” என்றார்.